ஓட்டை இருந்தால் பாஸ்

கோபம் வந்துவிட்டால் எனக்குத் தெரியாத விஷயமே கிடையாது. சாதாரண நேரத்தில் வீட்டில் ஃபியூஸ் போனால்கூடப் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடுகிறவன்தான் நான். கோபம் ஏறிவிட்டால் மின்சாரம், சட்டம், மருத்துவம், ரயில்வே கால அட்டவணை எல்லாம் தெரிந்துவிடும். அந்த ஞானத்தின் உச்சியில் நின்றுகொண்டு, திருப்பூரில் ஒரு கண் ஆஸ்பத்திரியில், ஒரே மதியத்தில் ஆறு பேருடைய கண்களைப் பரிசோதித்துத் தீர்ப்பு எழுதினேன். ஐந்தை ரிஜெக்ட் செய்தேன். ஒன்றைப் பாஸ் செய்தேன். (நான் டாக்டர் இல்லை. பி.காம். அதிலும் ஒரு பேப்பர் இரண்டாவது தடவைதான் தேறியது.)

இது நடந்தது இரண்டாயிரங்களின் பின்பாதியில். அப்போது நான் ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் செக்கிங் இன்சார்ஜ். தைத்து வந்த பீஸ்களை மேஜையில் விரித்து, டியூப் லைட் வெளிச்சத்தில் உள்ளும் புறமும் திருப்பி, எண்ணெய்க் கறையோ, விட்டுப்போன தையலோ, ஊசி கிழித்த ஓட்டையோ கண்ணில் பட்டால் அந்த இடத்தில் ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். பத்து வருஷம் இதையே செய்தவனுக்கு மனிதர்களைப் பார்க்கத் தெரியாமல் போய்விடும். கல்யாணத்துக்குப் போனால் மாப்பிள்ளையின் முகத்துக்கு முன்னால் காலர் தையலைப் பார்ப்பேன். என் சட்டைப் பையில் பேனா இருக்கிறதோ இல்லையோ, மடக்கு லென்ஸும் அம்பு ஸ்டிக்கர் தாளும் இருக்கும்.

எங்கள் தொழிலில் கறைக்கு மன்னிப்பு உண்டு, துவைத்துக்கொள்ளலாம். தையலுக்கும் உண்டு, பிரித்துத் தைக்கலாம். ஓட்டைக்கு மட்டும் கிடையாது. ஓட்டை விழுந்த பீஸ் செத்த பீஸ். ஆஸ்பத்திரிக்குப் போனதற்கு முந்தின நாள்தான் சரக்கு வாங்கும் பையர் அனுப்பிய இன்ஸ்பெக்டர் ஒருவர், நான் பாஸ் செய்த லாட்டில் மூன்று பனியன்களை எடுத்து, மூன்றிலும் ஊசி ஓட்டையைக் காட்டி, மொத்த லாட்டையும் திருப்பிவிட்டிருந்தார். முதலாளி என்னை ஐம்பது பேர் முன்னால், ஒரு வார்த்தைக்கு ஒரு ‘ங்க’ போட்டுத் திட்டினார். (எங்கள் ஊரில் மரியாதை கூடக் கூட வசவின் எடையும் கூடும்.) ஆக, அன்றைக்கு வீட்டிலிருந்து கிளம்பும்போதே கோபத்தை டிபன் பாக்ஸ் மாதிரி கட்டிக்கொண்டுதான் கிளம்பினேன்.

போனது அக்காவுக்காக. பாப்பாத்தியக்கா என்னைவிட எட்டு வயது மூத்தவள், ஓவர்லாக் டெய்லர். இரண்டு வருஷமாக வலது கைப்பக்கம் வைத்த டம்ளரையெல்லாம் தட்டிவிட்டுக்கொண்டிருந்தாள். நாங்கள் அவளுக்குக் கவனம் போதவில்லை என்றோம். நான் ஒருபடி மேலே போய், எல்லாவற்றையும் இடது பக்கமே வைத்துக்கொள்ளச் சொல்லி யோசனை கூறினேன். வலி இல்லை, சிவப்பு இல்லை, சத்தமே இல்லாமல் கண்ணுக்குள் நீரின் அழுத்தம் ஏறி நரம்பைத் தின்றிருக்கிறது. குளுக்கோமா என்று பெயர் தெரிந்தபோது அவளுடைய வலது கண்ணில் விளக்கு எரிகிறதா அணைந்திருக்கிறதா என்பது மட்டும்தான் தெரிந்தது. இடது கண்ணிலும் ஆரம்பித்திருந்தது. மிச்சமிருந்த அந்த ஒரு கண்ணில்தான் ஆபரேஷன்.

ஆபரேஷனுக்கு முன்னால் டாக்டரம்மா என்ன செய்யப் போகிறோம் என்று பொறுமையாக விளக்கினார். அக்கா ஒரு சொல் விடாமல் கேட்டாள். நான் வராந்தாவில் செல்போனில் யாரையோ லேபிள் மாறிப் போனதற்காகத் திட்டிக்கொண்டிருந்தேன். உள்ளே வந்து, சம்மதப் படிவத்தில் காட்டிய இடத்தில் படிக்காமல் கையெழுத்துப் போட்டேன். (இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். இன்னொரு கையெழுத்து வருகிறது.)

மூன்று வாரம் கழித்து, ஆபரேஷன் எப்படிப் பிடித்திருக்கிறது என்று பார்க்க ஒரு ஸ்கேன். ஆஸ்பத்திரிக்குப் புதிதாக வந்திருந்த மெஷின். அதே ஆபரேஷன் செய்துகொண்ட ஆறு பேரையும் அன்றைக்கே வரச் சொல்லியிருந்தார்கள். காலை ஒன்பது மணிக்கு டோக்கன் வாங்கினோம். பன்னிரண்டரைக்குக் கூப்பிட்டார்கள். அந்த மூன்றரை மணி நேரத்தில் நான் கோபப்படாத பொருள் அந்த ஹாலில் எதுவும் பாக்கி இல்லை. பிளாஸ்டிக் நாற்காலி, தண்ணீர் வராத குழாய், சத்தமில்லாமல் ஓடிய டிவி, சுவரில் சிரித்துக்கொண்டிருந்த ஒரு பெரிய கண். கண்ணுக்கு எதற்கு ஐயா சிரிப்பு?

ஸ்கேன் அறையில் இருந்த டெக்னீஷியன் பெண் அக்காவின் தாவாங்கட்டையை ஒரு தாங்கியில் வைக்கச் சொன்னாள். கண்ணைத் தொடவே தொடாதுங்க, வெளிச்சத்தை வைத்தே உள்ளே குறுக்காக வெட்டிப் பார்த்த மாதிரி படம் வந்துவிடும் என்றாள். இங்கேயே எனக்குச் சந்தேகம் தட்டிவிட்டது. துணியைக் கட்டைவிரலால் நெருடிப் பார்க்காமல் நான் என் வாழ்நாளில் எதையும் பாஸ் செய்ததில்லை.

“தொடாமப் பார்த்தா என்னங்க தெரியும்?” என்றேன்.

“தொடக்கூடாதுன்னுதானுங்க இந்த மெஷினே. இப்பத்தான் ஆபரேஷன் பண்ணுன கண்ணுங்க.”

அக்கா தாங்கியிலிருந்து முகத்தை எடுக்காமலேயே, “நீ சித்த சும்மா இரு கண்ணு. உனக்கா எடுக்கறாங்க?” என்றாள்.

அந்தப் பெண் அக்காவைக் கால் விரலைப் பார்க்கச் சொல்லி, மேல் இமையை ஒரு விரலால் மெல்லத் தூக்கிப் பிடித்தாள். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. பளபளப்புத் தாளில் படம் வந்தது. எப்படி இருக்கிறது என்று கேட்டேன். டாக்டர்தான் சொல்லவேண்டும் என்றாள். மூன்று தடவை கேட்டேன். மூன்று தடவையும் அதே பதில், அதே புன்னகை. இதில் மட்டும் என் கோபம் நியாயம் என்று இன்றும் சொல்வேன். ஒற்றைக் கண்ணை நம்பி உட்கார்ந்திருக்கிறவளின் கண்ணுடைய படம் என் கையில் இருக்கிறது. அதைப் படிக்கத் தெரிந்தவளுக்குப் பேச அனுமதி இல்லை. பேச அனுமதி இருக்கிறவர் ஆபரேஷன் தியேட்டரில் இருக்கிறார், எப்போது வருவார் என்று யாருக்கும் தெரியாது.

அந்தச் சமயத்தில் கண் அழுத்தம் பார்க்க அக்காவை உள்ளே கூட்டிக்கொண்டு போனார்கள். ஃபைல் என் மடியில் இருந்தது. திறந்தேன்.

கறுப்பு வெள்ளைப் படம். பக்கவாட்டில் வெட்டிய தோற்றம். சாம்பல் நிறத்தில் அடுக்கு அடுக்காக, மடித்து வைத்த ரிப் துணி மாதிரி. லென்ஸை எடுத்து மேலே வைத்தேன். அடுக்கைப் பிளந்துகொண்டு உள்ளேயிருந்து ஒரு கறுப்புக் கோடு மேலேறி, கொப்புளம் மாதிரி புடைத்திருந்த ஓர் இடத்தில் போய் முடிந்தது. தொழில் தெரிந்தவன் கண்ணுக்குத் தப்பாது. ஓட்டை. சின்ன ஓட்டைகூட இல்லை, சாவகாசமான ஓட்டை.

என் ரத்தம் எங்கே ஏறியது என்று பார்க்க எந்த மெஷினும் வேண்டியதில்லை. மூன்று பனியனில் ஓட்டை இருந்ததற்கு என்னை நார் நாராகக் கிழித்தார்கள். இங்கே என் அக்காவின் மிச்சமிருக்கிற ஒரே கண்ணில் ஓட்டையைப் போட்டு, அதைப் படமும் எடுத்து, ஃபைலில் வைத்துக் கையில் கொடுத்துவிட்டுச் சிரிக்கிறார்கள். பையிலிருந்து ஸ்டிக்கர் தாளை எடுத்தேன். ஓட்டைக்கு நேராக ஒரு சிவப்பு அம்பு ஒட்டினேன். பிறகு எழுந்து நின்று, ஹாலுக்கே கேட்கிற மாதிரி, இந்த ஆபரேஷனில் டேமேஜ் இருக்கிறது என்று அறிவித்தேன்.

வேறு ஊராக இருந்தால் என்னைப் பிடித்து உட்கார வைத்திருப்பார்கள். இது திருப்பூர். ஹாலில் இருந்தவர்களில் பாதிப் பேர் பனியன் கம்பெனி. லென்ஸும் அம்பு ஸ்டிக்கரும் வைத்திருப்பவன் எப்பேர்ப்பட்ட அதிகாரம் படைத்தவன் என்று அவர்களுக்குத் தெரியும். மதுரைப் பக்கத்திலிருந்து வந்து பவர் டேபிள் தையல் மெஷினில் வேலை செய்யும் ஒரு பெண், கண்ணில் பச்சைத் துணி மறைப்போடு, தன் ஃபைலை நீட்டினாள்.

“அண்ணே, எனக்கும் செத்த பாத்துச் சொல்லுங்கண்ணே.”

பார்த்தேன். ஓட்டை. அம்பு ஒட்டினேன். அடுத்தவர். ஓட்டை. அதற்கடுத்தவர். ஓட்டை. நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டு மேஜையாக்கிக்கொண்டேன். வரிசை தானாக நின்றது. ஐந்து பேருக்கும் ஓட்டை. ஒரே ஊசிதான் எல்லாவற்றையும் கிழித்திருக்க வேண்டும் என்று தொழில்நுட்பக் காரணம்கூடச் சொன்னேன். நானே மெச்சிக்கொண்ட ஆய்வு அது.

ஆறாவதாக வந்தவர் நாச்சிமுத்து. குன்னத்தூர்ப் பக்கத்து விவசாயி, அறுபது வயது இருக்கும். கறுப்புக் கண்ணாடி. பக்கத்தில் மனைவி மயிலாத்தா. அவருடைய படத்தை லென்ஸ் வழியாகப் பார்த்தபோது மனசு குளிர்ந்தது. ஓட்டை இல்லை, புடைப்பு இல்லை, இஸ்திரி போட்ட மாதிரி அடுக்குகள் ஒன்றின்மேல் ஒன்று ஒட்டிப் படிந்திருந்தன.

“இதுதானுங்க ஆபரேஷன்” என்றேன். மற்றவர்களுக்கும் அந்தப் படத்தைத் தூக்கிக் காட்டினேன். ஓரத்தில் ‘ஓகே’ என்று எழுதி, தேதி போட்டு, கையெழுத்தும் போட்டேன். கம்பெனிப் பழக்கம்.

நாச்சிமுத்து கைகூப்பினார். “அப்ப நாங்க போலாங்களா சார்? நாலு மணிக்கு மாட்டுல பால் பீச்சோணும். காத்தாலருந்து உக்கார வெச்சுட்டாங்க.”

“தாராளமாப் போங்க” என்றேன். இன்னொரு வார்த்தையும் சொன்னேன். “இனி இங்க வரவே வேண்டியதில்லீங்க.”

அவர்கள் போனார்கள். நான் ஐந்து ஃபைல்களையும் அடுக்கிக்கொண்டு, அப்போதுதான் தியேட்டரிலிருந்து வந்த டாக்டரம்மாவின் அறைக்குள் நுழைந்தேன். சின்ன உருவம், களைத்த முகம். நான் ஃபைல்களை மேஜையில் வரிசையாக விரித்து, ஐந்து அம்புகளையும் அவர் பக்கமாகத் திருப்பி வைத்தேன். முந்தின நாள் அந்த இன்ஸ்பெக்டர் எனக்குச் செய்தது அப்படித்தான்.

டாக்டரம்மா ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஐந்தாவதை வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

“இதை ஒட்டுனது யாரு?”

“நான்தானுங்க. செக்கிங் இன்சார்ஜ்.”

“எந்த ஆஸ்பத்திரி?”

“பனியன் கம்பெனிங்க.”

அவர் அக்காவின் படத்திலிருந்த அம்பை நகத்தால் மெதுவாக உரித்து எடுத்தார். கண்ணுக்குள் நீர் ஊறிக்கொண்டே இருக்கும், அது வெளியேறும் வழி அடைத்துக்கொண்டால்தான் அழுத்தம் ஏறுகிறது, அதனால் மேல் இமைக்கு உள்ளே, யாருக்கும் தெரியாத இடத்தில், புதிதாக ஒரு வழி போட்டுக் கொடுப்பதுதான் ஆபரேஷன் என்று சொன்னார். போட்ட வழியை உடம்பு காயம் என்று நினைத்து மூடப் பார்க்கும். மூடாமல் இருக்கிறதா என்று கண்ணைத் தொடாமல் பார்க்கத்தான் இந்த ஸ்கேன்.

“இந்த ஓட்டையப் போடத்தான் நான் ஒவ்வொருத்தருக்கும் ஒரு மணி நேரம் குனிஞ்சு நிக்கேன். உங்க அக்காவுக்கு நான் ஆசைப்பட்ட மாதிரியே இருக்கு” என்றார். பிறகு மேஜையைப் பார்த்தார். “ஆறு பேருக்கு எடுத்தோமே. ஆறாவது ஃபைல் எங்க?”

“அவருக்கு நல்லா இருந்துதுங்க. அனுப்பிட்டேன்.”

“நல்லா இருந்துச்சுன்னா?”

“ஓட்டையே இல்லீங்க” என்றேன். சொல்லி முடிப்பதற்குள் எனக்கே விளங்கிவிட்டது. வாயை விட்டுப் போன சொல்லை உரித்தெடுக்க நகம் இல்லை.

டாக்டரம்மா கம்ப்யூட்டரில் நாச்சிமுத்துவின் படத்தைப் போட்டுப் பார்த்தார். அவர் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் தேவலை. வழி மூடிக்கொண்டு வருகிறது, இன்றைக்கே செய்தால் ஒரு சின்ன வேலையில் திறந்துவிடலாம், விட்டால் இறுகிவிடும், அழுத்தத்தில் போகிற நரம்பு திரும்பி வராது என்றார். பதிவேட்டில் இருந்த நம்பருக்குப் போன் செய்தார்கள். அது ஓர் அரிசி மில்லின் நம்பர். சாயங்காலம் ஆள் அனுப்பிச் சொல்லிப் பார்க்கிறோம் என்றார்கள் மில்லில். இனி வரவே வேண்டியதில்லை என்று நான் சொல்லியனுப்பியது எனக்கு மட்டும்தான் தெரியும்.

அக்கா கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு கண் போவது எப்படி இருக்கும் என்று அந்த அறையில் தெரிந்தவள் அவள் ஒருத்தி.

“ஓட்டை போடுவாங்கன்னு எனக்கு அன்னிக்கே சொன்னாங்க. நீதான் வெளிய நின்னு போன்ல கத்திக்கிட்டிருந்தியே. அழுத்தம் பாத்துட்டு வரதுக்குள்ள ஆஸ்பத்திரிய செக்கிங் செக்‌ஷன் ஆக்கிட்ட” என்றாள். பிறகு, “அந்த மனுசன் இல்லாம ஊட்டுப் பக்கம் வந்துராத” என்றாள். இந்தத் தடவை கண்ணு என்று சொல்லவில்லை.

மொபெட்டை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் பறந்தேன். (மொபெட் பறக்காது. நான்தான் பறந்தேன், அது அடியில் நாற்பதில் வந்துகொண்டிருந்தது.) குன்னத்தூர் பஸ் போய்க் கால் மணி நேரம் ஆகியிருந்தது. வழியெல்லாம் யார் மேல் கோபப்படுவது என்று தேடிக்கொண்டே போனேன். ஒருத்தரும் கிடைக்கவில்லை. அது ஒரு பயங்கரமான நிலைமை. பெருமாநல்லூர் நிறுத்தத்தில் ஆள் ஏற்றிக்கொண்டிருந்த பஸ்ஸுக்குக் குறுக்கே மொபெட்டை நிறுத்திவிட்டு ஏறினேன். பிரைவேட் பஸ். கண்டக்டர் தன் நேரம் போவதைப் பற்றி ஆரம்பித்தார். ஜன்னலோரம் நாச்சிமுத்து, கறுப்புக் கண்ணாடியோடு, பரீட்சையில் தேறியவரின் முகத்தோடு உட்கார்ந்திருந்தார்.

“ஏனுங்க சார், நீங்களும் எங்கூருங்களா?”

“எறங்குங்க சாமி. ஆஸ்பத்திரிக்குப் போகோணும்.”

“ஓகேன்னு எழுதிக் குடுத்தீங்களே?” ஃபைலைத் திறந்து என் கையெழுத்தைக் காட்டினார். மயிலாத்தா, பால் நேரம் ஆகிவிட்டது, எதுவானாலும் அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்றார். கண்டக்டர் விசிலை வாயில் வைத்தார். வேறு வழியில்லை.

“நான் டாக்டர் இல்லீங்க. எனக்குக் கண்ணைப் பத்தி ஒண்ணுமே தெரியாது. நான் பனியன் பாக்கறவன்.”

பின் சீட்டில் யாரோ, என்ன சொல்கிறார் என்று கேட்க, பனியன் பார்க்கிறவராம் என்று முன்னாலிருந்து பதில் போனது. நாச்சிமுத்துவுக்கு ஓட்டை இல்லாததுதான் ஆபத்து, இன்றைக்கு விட்டால் கண் போய்விடும் என்பதை அறுபது பேர் கேட்க நின்றபடி விளக்கினேன். வராந்தாவில் நின்று தவறவிட்ட பாடத்தை, மூன்று வாரம் கழித்து, பஸ்ஸில் நானே நடத்தினேன்.

மயிலாத்தா என்னை ஏற இறங்கப் பார்த்தார். “தெரியாதுன்னா தெரியாதுன்னு சொல்றதுக்கு என்னங்க?” என்றார். பிறகு கணவரைக் கையைப் பிடித்து இறக்கிவிட்டார். “மாட்ட நான் பாத்துக்கறேன். இவரக் கண்ணோட கொண்டாந்து உடுங்க.”

திரும்பும்போது தூசி படாமல் மெதுவாக ஓட்டினேன். நாச்சிமுத்து பின்னால் உட்கார்ந்து, பெருமாநல்லூரிலிருந்து ஆஸ்பத்திரி வாசல் வரை திட்டிக்கொண்டே வந்தார். ஒரு கெட்ட வார்த்தை கிடையாது. உங்களுக்கெல்லாம் யாருங்க தம்பி வேலை குடுத்தாங்க. கையெழுத்துப் போடறப்பக் கை கூசலீங்களா தம்பி. உங்க கம்பெனிப் பனியனப் போடறவங்க நல்லா இருக்காங்களா தம்பி. மதியம் சார், சாயங்காலம் தம்பி. என் வாழ்க்கையில் இவ்வளவு நியாயமான பதவி இறக்கம் நடந்ததில்லை.

டாக்டரம்மா அவருக்கு லேசரால் உள்ளே வழியை இறுக்கிக்கொண்டிருந்த ஒரு தையலை வெட்டிவிட்டார். தையலை வெட்டினால் எங்களிடம் பீஸ் போச்சு. அங்கே அதுதான் வைத்தியம். சற்று நேரத்தில் அழுத்தம் இறங்கியது. அவருடைய ஃபைலில் என் ‘ஓகே’யைப் பார்த்துவிட்டு, “ஆறுக்கு ஆறும் தப்பு. சும்மா கண்ண மூடிட்டுச் சொல்லியிருந்தாக்கூட ரெண்டு மூணு சரியா வந்திருக்கும்” என்றார். பிறகு அதன்மேல் சிவப்பு மையில் ஒரு அம்பு வரைந்தார்.

அடுத்த வாரம் நாச்சிமுத்துவுக்கு மறுபடி ஸ்கேன் எடுத்தார்கள். அக்காவோடு வந்திருந்த என்னை ஹாலில் தேடி வந்து படத்தை விரித்துக் காட்டினார். அடுக்கைப் பிளந்துகொண்டு ஒரு கறுப்புக் கோடு. “வந்துருச்சுங்க தம்பி, ஓட்டை” என்றார். பிறகு சட்டென்று படத்தை இழுத்துக்கொண்டு, “நீங்க பேனாவ மட்டும் எடுத்துராதீங்க” என்றார்.

அந்த ஆஸ்பத்திரியில் இன்று ஸ்கேன் படங்களை ஒட்டி மூடிய உறையில்தான் கொடுக்கிறார்கள். ‘டாக்டரைத் தவிர வேறு யாரும் பிரிக்கக் கூடாது’ என்று மேலே அச்சடித்திருக்கிறது. அந்த ‘வேறு யாரும்’ நான்தான்.

வீட்டில் இன்னும் மோசம். அமாவாசைக்கு வடை சுடும்போது அக்கா முதல் ஈட்டில் ஒன்றை எடுத்து, ஆறும்வரை ஊதி, இடது கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பிடிப்பாள். நடு ஓட்டை வழியாக என்னைத் தேடிக் கண்டுபிடிப்பாள். மருமகள்கள், பேரன் பேத்திகள் எல்லோரும் வேலையை விட்டுவிட்டு அந்த ஒரு வார்த்தைக்காகக் காத்திருப்பார்கள்.

“ஓட்டை இருக்குது. பாஸ்.”

வருஷம் இத்தனை ஆகியும் எனக்குச் சுருக்கென்று கோபம் வருகிறது. வடை தீய்ந்திருக்கிறது என்கிறேன். சட்டைக் காலரில் எண்ணெய் இருக்கிறது, வடையைச் சொல்ல வந்துவிட்டாய் என்கிறாள் அக்கா, கூடத்துக்கு அந்தப் பக்கமிருந்து. குனிந்து பார்க்கிறேன். இருக்கிறது.